வீடு வந்து சேர்ற வரைக்கும் திட்டாதீங்க

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சில இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் கிடையாது. நானும் மைக்கும் மட்டும்தான். பின்னாடி ஃபேன் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. சென்னை வெயிலுக்கு அதை நிறுத்திட்டு என்னால பேச முடியாது.

கொஞ்ச நாளாவே நிறைய பேர், முக்கியமா பொண்ணுங்க, ஒரே கேள்வியைக் கேட்டுட்டு இருக்கீங்க. "சென்னையில இருந்து நாகர்கோவில் வரைக்கும் தனியா பைக்ல போறீங்களே, பாதுகாப்புக்கு என்ன பண்றீங்க?" எந்த பெப்பர் ஸ்பிரே நல்லது, எந்த ஆப் போடணும், எந்த மாதிரி ஹோட்டல்ல தங்கலாம்னு. சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி எங்க அம்மாகிட்ட நான் சொன்ன ஒரு பொய்யைப் பத்திப் பேசணும். என் முதல் நீண்ட பயணத்துல எனக்கு வந்த ஆபத்துல பாதி அந்தப் பொய்யால வந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னாடி, டிசம்பர் கடைசி வாரம். கிறிஸ்துமஸ் லீவு. என்கிட்ட இருந்தது 150 சிசி வண்டி, இ.எம்.ஐ. பாக்கியோட. நாகர்கோவில் வீடு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். முதல் நாள் மதுரை வரைக்கும் 460, ரெண்டாவது நாள் மீதி 240ன்னு பிளான் போட்டேன். வீட்ல கேட்டா விட மாட்டாங்கன்னு தெரியும். அதனால கேக்கவே இல்ல. "ஆபீஸ் ஃபிரண்டு குடும்பத்தோட கார்ல கன்னியாகுமரி போறாங்கம்மா, அவங்ககூட வர்றேன், வழியில மதுரையில தங்கறோம்"னு சொல்லிட்டேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அவியளுக்கும் சேத்து சமைச்சு வைக்கட்டா?"ன்னு கேட்டாங்க. அதுக்கு வேற ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது.

காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பறதா இருந்தேன். ராத்திரி ஆபீஸ் வேலை இழுத்துடுச்சு. வேளச்சேரியைத் தாண்டும்போது மணி எட்டரை. இந்த மூணரை மணி நேரத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. அன்னைக்கு நடந்தது எல்லாம் இதுல இருந்துதான் ஆரம்பிக்குது.

செங்கல்பட்டு, மதுராந்தகம் ஏரி, திண்டிவனம், விழுப்புரம். சென்ட்ரல் மீடியன்ல அரளி பூத்து நிக்குது. ஹெல்மெட்டுக்குள்ள நானே பாடிக்கிட்டு போறேன். அந்த மூணு மணி நேரம் என் வாழ்க்கையிலேயே நல்ல மூணு மணி நேரம்னு இப்பவும் சொல்வேன். அதையும் சொல்லணும்ல? பொண்ணுங்க பயணத்தைப் பத்திப் பேசினாலே பயத்தை மட்டும்தான் பேசறோம்.

ஆனா நான் தண்ணி குடிக்கல. பொண்ணுங்களுக்கு இது சொல்லாமலே புரியும். பாத்ரூம் எங்க கிடைக்கும், எப்படி இருக்கும்னு தெரியாது. அதனால குடிக்காம இருந்துட்டா போச்சு. ஸ்கூல்ல இருந்தே பழகின வித்தை. காலையில ஒரு காபி, உளுந்தூர்பேட்டையில ஒரு டீ, அவ்வளவுதான். பெரம்பலூர் வரும்போது தலைவலி ஆரம்பிச்சுது. பாடாலூர் பக்கத்துல என்ன நடந்ததுன்னே எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. திடீர்னு டயருக்கு அடியில டரர்ர்னு ஒரு சத்தம். கண்ணைத் திறந்தேன். ஆமா, திறந்தேன். அப்போ மூடியிருந்திருக்கேன். வண்டி ரோட்டு ஓரக் கோட்டுக்கு வெளியில போய்க்கிட்டு இருந்தது. ஒரு நொடியோ ரெண்டு நொடியோ. அந்த நேரத்துல பக்கத்துல ஒரு லாரி இருந்திருந்தா இந்த எபிசோடே கிடையாது.

தனியா போற பொண்ணுக்கு ஆபத்துன்னா உடனே நம்ம மனசுல ஒரு ஆண் உருவம்தான் வருது. வரணும்தான், அதைப் பத்தியும் பேசப் போறேன். ஆனா 2022ல மட்டும் இந்தியாவுல சாலை விபத்துகள்ல செத்தவங்க 1,68,491 பேர். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில முதலிடம் நம்ம தமிழ்நாடு, 64,105. நான் பெப்பர் ஸ்பிரே வாங்கறதுக்கு ஒரு வாரம் ரிவ்யூ படிச்சேன். தண்ணி குடிக்கறதைப் பத்தி ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. வறண்ட உடம்பு சோர்ந்து போகும், சோர்ந்த உடம்பு ஹைவேல தூங்கிடும். பாத்ரூம் பயம் என்னை அன்னைக்குக் கொன்னிருக்கும்.

இப்போ நான் 80, 90 கிலோமீட்டருக்கு ஒரு தடவை கட்டாயம் நிறுத்தறேன். ரோட்டோரத்துல பெரிய சைவ ஹோட்டல்கள், குடும்பங்கள் கார்ல வந்து இறங்கற இடம், அங்க பாத்ரூம் சுமாரா இருக்கும். பெட்ரோல் பங்க்ல கழிப்பறை, குடிதண்ணி, டயருக்குக் காத்து மூணும் இருக்கணும். பூட்டியிருந்தா கூச்சப்படாம சாவி கேளுங்க. டோல்கேட்லயும் உண்டு. டூ வீலருக்கு அங்க காசு இல்லைங்கறதால நாம ஓரமா விர்ருனு போயிடறோம், அப்படி ஒரு வசதி இருக்கறதே நம்ம கண்ணுல படறதில்ல. நின்னுக்கிட்டே போறதுக்கு உதவற பேப்பர் புனல் மெடிக்கல்ல கிடைக்குது, ஆன்லைன்லயும் கிடைக்குது. வீட்ல ரெண்டு தடவை பழகிட்டு எடுத்துட்டுப் போங்க. பழகாம ரோட்டுல முயற்சி பண்ணாதீங்க, அனுபவத்துல சொல்றேன்.

சரி, கதைக்கு வர்றேன். திருச்சி வரும்போது மணி மூணரை. தூரத்துல ஸ்ரீரங்கம் கோபுரம் தெரியுது. ஒரு ஹோட்டல்ல உக்காந்து சாப்பிட்டு, ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சு, மேஜையில தலை வச்சு அரை மணி நேரம் தூங்கினேன். எழுந்தப்போ மணி நாலரை. அங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கணும். புத்தி சொல்லுச்சு. ஆனா மதுரையில 1,200 ரூபாய் கட்டி ரூம் போட்டாச்சு. அதை விட பெரிய காரணம், அம்மாகிட்ட மதுரைன்னு சொல்லியாச்சு. கார்ல வர்றவ ஏன் திருச்சியில தங்கறான்னு கேட்டா பதில் வேணும். ஒரு பொய்யைக் காப்பாத்தறதுக்காக 135 கிலோமீட்டர் இருட்டுல ஓட்டப் போறேன்னு அப்போ எனக்கே புரியல.

துவரங்குறிச்சி தாண்டி, கொட்டாம்பட்டியும் தாண்டியாச்சு. அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், ரெண்டு பக்கமும் மலை, நடுவுல பொட்டல், ஊருக்கு ஊர் இடைவெளி ஜாஸ்தி. டிசம்பர்ல ஆறு மணிக்கெல்லாம் இருட்ட ஆரம்பிச்சிடும். அப்போதான் பின் டயர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிச்சுது. ஓரங்கட்டிப் பாத்தேன். ஆணி.

டியூப்லெஸ் டயர்தான். பஞ்சர் கிட்டும் வாங்கி வச்சிருந்தேன். அது வேளச்சேரியில என் அலமாரியில பத்திரமா இருந்தது. பெப்பர் ஸ்பிரே கைவசம் இருந்தது, சேடில் பேக்ல, நாலு செட் துணிக்கு அடியில.

ஒரு பைக் வந்து நின்னுது. ரெண்டு பேர். என் வயசுதான் இருக்கும்.

"என்னாச்சு மேடம், பஞ்சரா?"

"ஆமாண்ணே."

"பக்கத்துல தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்கு. இவன் வண்டியைப் பாத்துக்குவான். நீங்க என்கூட உக்காருங்க, போயி ஆளைக் கூட்டிட்டு வந்துரலாம்."

"வேண்டாம்ணே. வீட்டுக்காரர் பின்னாடி கார்ல வந்துட்டு இருக்கார்."

அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. "சரி மேடம்"னு கிளம்பினாங்க. ஒரு நூறு மீட்டர் போய் நின்னுட்டாங்க. லைட்டை அணைச்சுட்டாங்க. சிகரெட் நெருப்பு மட்டும் தெரியுது.

இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நிஜமாவே உதவ வந்தவங்களா இருக்கலாம். "பொம்பளப் புள்ள தனியா நிக்குது, காரு வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டு நிப்போம்"னு நின்னிருக்கலாம். அவங்க கெட்டவங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அந்த நேரத்துல அதைக் கண்டுபிடிக்கறதுக்கு என்கிட்ட எந்த வழியும் இல்ல.

அப்போ போன் அடிச்சுது. அம்மா.

"எங்க பிள்ளே வந்திருக்க?"

"மதுரை வந்தாச்சும்மா. சாப்பிட்டுட்டு இருக்கோம்."

"என்ன, லாரி சத்தமா கேக்குது?"

"ரோட்டோர ஹோட்டல்மா. அப்புறம் பேசறேன்."

கட் பண்ணின பிறகுதான் கை நடுங்க ஆரம்பிச்சுது. அந்த ரெண்டு பேரைப் பாத்து கூட அவ்வளவு பயம் வரல. என் தலைக்குள்ள ஒரு கணக்கு ஓடுச்சு. இப்போ எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, நாளைக்குக் காலையில வரைக்கும் யாரும் தேட மாட்டாங்க. தேட ஆரம்பிக்கும்போது அம்மா போலீஸ்ல சொல்லப்போறது என்ன? "ஃபிரண்டோட கார்ல வந்தா, ராத்திரி மதுரையில சாப்பிட்டா." அவங்க மதுரையில ஒரு காரைத் தேடுவாங்க. நான் கொட்டாம்பட்டிக்கும் மேலூருக்கும் நடுவுல இருக்கேன், ஒரு பைக்கோட.

112க்கு போன் பண்ணலாம்னு விரல் வரைக்கும் வந்துச்சு. பண்ணல. என்னன்னு சொல்றது? ரெண்டு பேர் நின்னுட்டு இருக்காங்கன்னா? இன்னும் ஒண்ணும் நடக்கலையே. நம்மள்ல நிறைய பேரு இப்படித்தான், கூப்பிடறதுக்கு ஒரு சம்பவம் நடந்தாகணும்னு நினைச்சுக்கறோம். நடந்த பிறகு போன் நம்ம கையில இருக்குமாங்கறதை யோசிக்கறதில்ல. "ஹைவேல தனியா நிக்கறேன், வண்டி பஞ்சர், பயமா இருக்கு" அப்படிங்கறதே போதுமான காரணம். 112 அதுக்குத்தான் இருக்கு. நேஷனல் ஹைவேல வண்டி பிரச்சனைன்னா 1033ன்னு தனி நம்பரே இருக்கு. இதை ரெண்டு நாள் கழிச்சுதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

நான் பண்ணினது வேற. காத்து இல்லாத டயரோடயே வண்டியைக் கிளப்பினேன். பதினஞ்சு கிலோமீட்டர் வேகம். ஹசார்ட் லைட் எரியுது, ஹாரன்ல கட்டை விரல். அவங்களைத் தாண்டித்தான் போகணும், தாண்டினேன். பின்னாடியே அவங்க வண்டி ஸ்டார்ட் ஆகுற சத்தம் கேட்டுது. கண்ணாடியில அந்த லைட் கொஞ்ச தூரம் வந்துச்சு. அப்புறம் ஒரு மண் ரோட்டுல திரும்பிடுச்சு. டயர் நாசம், ரிம்ல நெளிவு. காத்தில்லாத டயர்ல ஓட்டறது ஆபத்துதான், வண்டி எந்தப் பக்கம் வேணும்னாலும் இழுக்கும். ஆனா மெதுவா ஓட்டினா வெளிச்சம் இருக்கற இடம் வரைக்கும் போகலாம். டயரை வாங்கிக்கலாம்.

மூணு கிலோமீட்டர்ல ஒரு டீக்கடை. ஒரு அக்கா வடை போட்டுட்டு இருந்தாங்க. நான் ஹெல்மெட்டைக் கழட்டினதும் அவங்க கேட்ட முதல் கேள்வி, "என்ன பாப்பா, பேயைப் பாத்த மாதிரி வர்ற?" ஒரு சொம்பு தண்ணி கொடுத்தாங்க. அப்புறம் என் காதுகிட்ட வந்து, "உள்ள வீடுதான். போகணும்னா போயிட்டு வா." அந்த அக்காவுக்குக் கோயில் கட்டணும்னு இருக்கு எனக்கு.

பஞ்சர் போடற அண்ணன் டிவிஎஸ் ஃபிப்டில வந்து பாத்துட்டு உதட்டைப் பிதுக்கினார். டயர் பக்கவாட்டுல கிழிஞ்சிருக்கு, ஓட்ட முடியாது. அக்கா ஒரு போன் பண்ணாங்க. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏத்திட்டுப் போற குட்டியானை ஒண்ணு வந்துச்சு. மூட்டைகளுக்கு நடுவுல வண்டியைப் படுக்க வச்சுக் கட்டினாங்க. நான் ஏறப்போகும்போது அக்கா செஞ்ச காரியத்தை நான் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டேன். வண்டி நம்பரை சத்தமா வாசிச்சு என் போன்ல போடச் சொன்னாங்க. அப்புறம் டிரைவர்கிட்ட, கடையில இருந்த எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "ஏப்பா, ஒம்பது மணிக்குள்ள இந்தப் புள்ள எனக்குப் போன் பண்ணணும். பண்ணலைன்னா ஒன் பொண்டாட்டிக்குப் போன் பண்ணுவேன்." அந்த டிரைவர் அண்ணன் தங்கமானவர், பாவம், சிரிச்சுக்கிட்டே தலையாட்டினார். அக்காவுக்கும் அவரைத் தெரியும். தெரிஞ்சும் சொன்னாங்க.

"வீட்டுக்கு ஒரு வார்த்தை சொன்னியா?"

"அவங்களுக்கு நான் வர்றதே தெரியாதுக்கா."

அக்கா ஒண்ணும் சொல்லல. வடையைத் திருப்பிப் போட்டாங்க.

வண்டியில உக்காந்ததும் பெங்களூர்ல இருக்கற எங்க அண்ணனுக்குப் போன் பண்ணினேன். எல்லாத்தையும் சொன்னேன். அவன் முதல் வார்த்தை: "உன்னை யாரு தனியா போகச் சொன்னது?" அஞ்சு நிமிஷம் கத்தினான். அப்புறம் ஹோட்டலுக்குப் போன் பண்ணி, நான் வந்து சேர்ற வரைக்கும் லைன்ல இருந்து, எல்லாம் பண்ணினான். நல்லவன்தான். ஆனா அந்த முதல் வார்த்தை இருக்கே, அதுக்குப் பயந்துதான் நாம கூப்பிடறதே இல்ல. ஒரு பையன் வழியில பஞ்சராகி நின்னா அது அவனோட சாகசக் கதை. நமக்கு அது ஒரு கரும்புள்ளி. அடுத்த தடவை அனுமதி கேக்கும்போது எடுத்துக் காட்டுவாங்க. அதனால சின்ன சின்ன பிரச்சனையை எல்லாம் மறைக்கறோம். மறைச்சு மறைச்சு, பெரிய பிரச்சனை வரும்போது நாம எங்க இருக்கோம்னு யாருக்கும் தெரியாம நிக்கறோம்.

மறுநாள் மதுரையில டயர் மாத்தி, சாயங்காலம் நாலு மணிக்கு நாகர்கோவில் போய்ச் சேர்ந்தேன். அம்மா வாசல்ல. வண்டியைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, உள்ள போயிட்டாங்க. ராத்திரி வரைக்கும் பேச்சு கிடையாது. அப்பா மட்டும் வெளியில போய்ப் புது டயரைத் தட்டிப் பாத்துட்டு வந்தார். படுக்கும்போது நானே போய் எல்லாத்தையும் சொன்னேன். அந்த ரெண்டு பேர், போன்ல சொன்ன பொய், எல்லாம்.

அம்மா சொன்னாங்க: "நீ பொய் சொன்னதுகூட போட்டும் மக்ளே. நான் நேத்து நிம்மதியா உறங்குனேன் பாத்தியா. அதத்தான் என்னால தாங்க முடியல."

அம்மாவோட பயம் சும்மா வந்தது இல்ல. 2019 நவம்பர்ல ஹைதராபாத் பக்கத்துல, ஷம்ஷாபாத் டோல்கேட்கிட்ட நடந்ததை நம்ம யாரும் மறக்கல. ஒரு கால்நடை டாக்டரோட ஸ்கூட்டி டயரைப் பஞ்சராக்கி விட்டு, உதவறோம்னு வந்தவங்கதான் அவரைக் கொன்னாங்க. அந்தப் பொண்ணு தன் தங்கச்சிக்குப் போன் பண்ணிப் பயமா இருக்குன்னு சொல்லியிருந்தாங்க. அதுக்கப்புறம் அந்த மாநில அமைச்சர் ஒருத்தர், தங்கச்சிக்குப் பதிலா 100க்குக் கூப்பிட்டிருக்கலாமேன்னு சொன்னார். குடும்பம் புகார் கொடுக்கப் போனப்போ எல்லை எங்களுது இல்லைன்னு அலைய விட்டதா சொன்னாங்க, போலீஸ்காரங்க மூணு பேர் சஸ்பெண்ட் ஆனாங்க. இப்போ 2024 ஜூலையில இருந்து நடப்புல இருக்கற புது சட்டத்துல, எந்த ஸ்டேஷன்லயும் புகார் கொடுக்கலாம், எல்லையைக் காரணம் காட்டக்கூடாதுன்னு எழுத்துலயே இருக்கு. ஜீரோ எஃப்ஐஆர்னு கேட்டு வாங்குங்க. ஆனா அந்த அமைச்சர் சொன்னதைக் கேட்டப்போ எங்க அம்மா டிவியை அணைச்சது எனக்கு ஞாபகம் இருக்கு. ரெண்டு பேருக்கும் கூப்பிடணும்ங்க. போலீஸுக்கும் கூப்பிடணும், நம்மளைத் தெரிஞ்சவங்களுக்கும் கூப்பிடணும். இதுல எது முதல்லன்னு பொண்ணுக்கு மார்க் போடாதீங்க.

அந்த லீவு முடியறதுக்குள்ள அம்மாவும் நானும் ஒரு ஒப்பந்தம் போட்டோம். நான் எதையும் மறைக்க மாட்டேன். எங்க இருக்கேன், என்ன பிரச்சனை, எல்லாம் உடனே சொல்வேன். பதிலுக்கு, நான் வீடு வந்து சேர்ற வரைக்கும் திட்டக்கூடாது. சேர்ந்த பிறகு எவ்வளவு வேணும்னாலும் திட்டலாம். அம்மா இதுக்கு சம்மதிக்க ரெண்டு நாள் ஆச்சு. "அப்பம் நான் வயித்துல நெருப்ப வச்சுக்கிட்டு சும்மா இருக்கணுமோ?"ன்னு கேட்டாங்க. ஆமாம்மா, இருக்கணும்னேன். நீங்க கேக்கற பாதுகாப்பு டிப்ஸ்ல முதல் டிப் இதுதான். கிளம்பறதுக்கு முன்னாடி திட்டாம கேக்கற ஒரு ஆளைத் தயார் பண்ணுங்க. அம்மா அப்பா முடியலைன்னா அக்கா, ரூம்மேட், ஆபீஸ் ஃபிரண்டு, யாராவது.

அவங்களுக்கு லைவ் லொகேஷன் அனுப்புங்க. வாட்ஸப்ல அதிகபட்சம் எட்டு மணி நேரம்தான், அப்புறம் தானா நின்னுடும், மதிய சாப்பாட்டுக்கு நிக்கும்போது புதுசா போடுங்க. டவர் இல்லாத இடத்துல அது நகராது, அதனால ஊர் பேரை மெசேஜாவும் போடுங்க. மேப்பை ஆஃப்லைன்ல டவுன்லோடு பண்ணிக்கோங்க. தமிழ்நாட்டுக்குள்ளன்னா போலீஸோட 'காவல் உதவி' ஆப்ல சிவப்பு பட்டன் இருக்கு, இறக்கி ரெஜிஸ்டர் பண்ணி வைங்க. போன்ல பவர் பட்டனைத் தொடர்ந்து அழுத்தினா அவசர அழைப்பு போகும். எத்தனை தடவைங்கறது போனுக்குப் போன் மாறுது, செட்டிங்ஸ்ல இன்னைக்கே பாருங்க. பெப்பர் ஸ்பிரே வேணும்னா வச்சுக்கோங்க, ஆனா ஜாக்கெட் பாக்கெட்ல. காத்து எதிர்ல அடிச்சா நம்ம கண்ணுலதான் விழும்ங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

நேரம்தான் பெரிய விஷயம். நான் இப்போ பைக்ல ஒரு நாளைக்கு 350 கிலோமீட்டருக்கு மேல போறதில்ல. சாயங்காலம் நாலு மணிக்கு எங்க இருந்தாலும் சரி, அடுத்த ஒரு மணி நேரத்துல வர்ற ஊர்ல ரூம். கேன்சல் பண்ணினா காசு திரும்ப வர்ற மாதிரிதான் புக் பண்றேன், இல்லைன்னா அந்த 1,200 ரூபாய் நம்மளை இருட்டுக்குள்ள இழுத்துட்டுப் போகும். லேட்டா கிளம்பினா அன்னைக்குத் தூரத்தைக் குறைக்கணும். ராத்திரி ஹைவேல மனுஷங்க மட்டுமா பிரச்சனை? லைட் இல்லாம நிக்கற லாரி, எதிர்த்திசையில வர்ற டூ வீலர், குறுக்க வர்ற மாடு.

பஞ்சர் போட கத்துக்கோங்க. கிட் வாங்கினா போதாது, உங்க ஏரியா பஞ்சர் கடை அண்ணன்கிட்ட நூறு ரூபாய் கொடுத்து பழைய டயர்ல ரெண்டு தடவை செஞ்சு பாருங்க. டியூப்லெஸ்ல ஆணி இருந்தா உடனே பிடுங்காதீங்க. காத்து மெதுவாத்தான் இறங்கும், அடுத்த வெளிச்சம் வரைக்கும் போயிடலாம். நான் அன்னைக்குப் பதட்டத்துல பிடுங்கினேன், அதனாலதான் மொத்தமா இறங்குச்சு. இதை அப்பாகிட்ட சொன்னப்போ அவர் பாத்த பார்வை இருக்கே.

உதவி வேணும்னா, யார்கிட்ட கேக்கறதுன்னு நாமளே தேர்ந்தெடுக்கணும். தானா வர்றவங்க எல்லாரும் மோசம்னு சொல்லல. ஆனா பத்து பேர்ல நான் ஒருத்தரைத் தேர்ந்தெடுத்தா அவர் நல்லவரா இருக்க வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி. தானா வந்தவர் ஏன் வந்தார்னு எனக்குத் தெரியாது. கடை நடத்தற அக்கா, குடும்பத்தோட சாப்பிட வந்தவங்க, டோல்கேட்ல வேலை பாக்கற பொண்ணு, இப்படித்தான் கேப்பேன். எந்த வண்டியில ஏறினாலும் அந்த அக்கா மாதிரி நம்பரை சத்தமா சொல்லிப் போன்ல பேசுவேன். எதிர்ல ஆளே இல்லைன்னாலும் பேசுவேன். லாட்ஜ் ரிசப்ஷன்ல ரூம் நம்பரை உரக்கச் சொன்னா மாத்திக் கேப்பேன். அசட்டுத்தனமா நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்.

போன மாசம் ஊருக்குப் போனேன். பெரம்பலூர் தாண்டினதும் அதே மாதிரி கண்ணு சொக்குச்சு. தண்ணி நிறைய குடிச்சும்தான். நிறுத்திட்டு அம்மாவுக்குப் போன் பண்ணினேன். மணி ரெண்டரை.

"அம்மா, தூக்கம் வருது. மதுரை போகல. திருச்சியிலயே தங்கிடறேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்ல. மூச்சு மட்டும் கேக்குது. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு தெரியுது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

"சரி," அப்படின்னாங்க. "சாப்பிட்டியா?"

மறுநாள் மத்தியானம் வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, இன்னும் ஹெல்மெட்டைக் கூடக் கழட்டல. "முந்தின நாள் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் ஆன்லைன்ல என்ன பிள்ளே வேல ஒனக்கு?"ன்னு கேட் கிட்ட இருந்தே ஆரம்பிச்சுட்டாங்க.